அன்றைய ரேட்

(நூலக வாசகர் வட்டத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘கணினி வல்லுநர்’ என்று அச்சாகியிருக்கிறது. முதலில் அதை அடித்துவிடுங்கள். நான் பி.காம். படித்தவன். பதினேழு வருஷமாக ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் பார்க்கிறேன். ஆபீஸ் பார்ப்பது என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பில் போடுவது, பார்ட்டியிடம் பணம் கேட்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் சொல்வது, சனிக்கிழமை சம்பளம் போடுவது. இதற்கு நடுவில் நாற்பத்து நாலாவது வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்கவில்லை. மாட்டிக்கொண்டு கற்றேன். மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்களுடையது ஜாப் ஒர்க் கம்பெனி. எக்ஸ்போர்ட்காரர்கள் துணி கொடுப்பார்கள், நாங்கள் வெட்டித் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவோம். எண்பது மெஷின். 2003-ல், எங்கள் ஓனர் கோயம்புத்தூரிலிருந்து எம்.சி.ஏ. முடித்த ஒரு பையனைக் கூட்டிவந்து, கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, ஆறு மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதி வாங்கினார். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற மொழியில் எழுதியது. நான் 2008-ல் சேர்ந்தபோது அந்தப் பையன் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான். அடுத்த வருஷம் வளைகுடாவுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்தப் புரோகிராமை யாரும் தொடவில்லை. ஓடு மாற்றாத வீடு மாதிரி அது பாட்டுக்கு நின்றது. அங்கங்கே ஒழுகும். ஒழுகும் இடத்தில் ஒரு சட்டியை வைத்துக்கொண்டோம்.

கடையில் நல்ல கணக்கு மென்பொருள் கிடைக்கும்போது சொந்தமாக ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு டீ-சர்ட் எங்கள் கம்பெனியில் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் விளங்கும். வெட்டிய துணி இருபத்து நாலு பீஸ் கொண்ட பண்டலாகக் கட்டப்படும். பண்டலோடு ஒரு அட்டை போகும். ஷோல்டர் ஜாயிண்ட் ஒருவர், நெக் ரிப் ஒருவர், ஸ்லீவ் ஒருவர், சைடு ஒருவர், பாட்டம் ஒருவர். ஒவ்வொரு வேலைக்கும் பீஸுக்கு இத்தனை பைசா என்று தனித்தனி ரேட். இன்னொரு பக்கம், செக்கிங், அயர்னிங் ஆட்களுக்கு ஷிப்ட் கணக்கு. நம் ஊரில் ஒரு மனிதர் ஒரு நாளில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார், சீசனில் இரண்டு ஷிப்டும் பார்ப்பார். ஒரு நாளுக்குள் ஒன்றரை நாள் எப்படி வரும் என்று வெளியூர் மென்பொருள் கேட்கும். அதற்கு விளக்கம் சொல்லித் திருத்தி வாங்கலாம்தான். திருத்தித் தருகிறவர் நாளைக்கு எங்கே இருப்பார் என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கும்.

2017 வந்தது. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. எங்கள் லேபர் பில்லில் அதுவரை வரி என்று ஒரு கட்டமே கிடையாது. இனிமேல் வேண்டும், மத்திய வரி ஒரு வரியில், மாநில வரி ஒரு வரியில். பையனின் பழைய நம்பருக்குப் போன் செய்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. ஊரில் விசாரித்து இரண்டு பேரை வரவழைத்தேன். இருவரும் திரையைப் பார்த்ததும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “சார், இந்த லாங்வேஜையே மூடிட்டாங்க. எல்லாத்தையும் புதுசா எழுதணும்.” சொன்ன தொகையைக் கேட்டு ஓனர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் என் படிப்பு ஆரம்பித்தது.

அவர்கள் சொன்னது உண்மைதான். ஃபாக்ஸ்ப்ரோ அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 1992-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2004 கடைசியில் ஒன்பதாவது பதிப்பு வந்தது. 2007-ல், இனிப் பத்தாவது கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. ஆக நான் பாடம் படிக்க உட்கார்ந்தபோது என் மொழிக்குக் கருமாதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஒரு விஷயம். ஆதரவு நின்றால் புரோகிராம் நின்றுவிடாது. கம்பெனி மூடிய தையல் மெஷின் எத்தனை இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது!

இந்த ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஒரு பாட்டன் உண்டு, டிபேஸ். அதன் பிறப்பு எனக்குப் பிடித்த கதை. 1978 வாக்கில், கலிஃபோர்னியாவில் விண்கலங்களுக்கு வேலை செய்யும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் வெயின் ராட்லிஃப் என்று ஒருவர் இருந்தார். ஆபீஸில் எல்லோரும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குப் பணம் கட்டி, யார் ஜெயிப்பார் என்று ஊகிக்கும் போட்டி நடத்துவார்களாம். அதில் ஜெயிக்க வேண்டும் என்று புள்ளிவிவரங்களைச் சேர்த்து வைக்க வீட்டில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு வல்கன் என்று பெயர் வைத்தார். பிறகு ஆஷ்டன்-டேட் என்ற நிறுவனம் அதை எடுத்து ‘டிபேஸ் 2’ என்று விற்றது. டிபேஸ் 1 என்று ஒன்று வரவே இல்லை. இரண்டு என்றால் ஏற்கெனவே ஒன்று வந்து தேறிவிட்டது என்று ஜனங்கள் நினைப்பார்கள் அல்லவா? யாபாரம்! சொந்தத் தேவைக்கு ஒருவர் எழுதிக்கொண்ட சாமான், பிற்பாடு உலகத்து மளிகைக் கடை, மருந்துக் கடை, பனியன் கம்பெனி எல்லாவற்றிலும் உட்கார்ந்தது. நான் உட்கார்ந்து படித்த ராத்திரிகளில் இது ஒரு சிறு தெம்பு.

சரி, எப்படிக் கற்றேன்? முதலில் தவறாகத்தான். ஒரு பழைய புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் ஒரு மாணவர் மதிப்பெண் பட்டியல், ஒரு நூலகப் பட்டியல். அடித்துப் பார்த்தேன், ஓடியது. மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. மூன்று வாரம் இப்படி வீணாயிற்று. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் புரோகிராமையே பிரிண்ட் எடுத்தேன். நூற்று நாற்பது பக்கம் வந்தது.

இங்கே ஒரு வார்த்தை. பிரிண்ட் எடுக்க முடிந்தது என்றால், எழுதிய மூலம் எங்களிடம் இருந்தது. அந்தப் பையன் நல்லவன், போகும்போது மூலம் முழுவதையும் ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பல கம்பெனிகளில் ஓடும் ஃபைல் மட்டும்தான் இருக்கும். அது தைத்த சட்டை, மூலம் என்பது பேட்டர்ன். சட்டையைப் பிரித்துப் பேட்டர்ன் எடுக்கலாம், நம் மாஸ்டர்கள் எடுப்பார்கள், ஆனால் அந்தச் சட்டையின் கதி என்ன? யாரிடமாவது புரோகிராம் எழுதி வாங்குகிறவர்கள் கடைசித் தவணையைப் பேட்டர்ன் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

நூற்று நாற்பது பக்கத்தையும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பென்சிலோடு படித்தேன். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் படித்திருக்கிறீர்களா? பாஷை நமக்குப் பழக்கமில்லாதது. வாக்கியம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனால் பூமி நம்முடையது. ‘வடபுறம் வண்டித்தடம், கீழ்புறம் இட்டேரி’ என்றதும் இடம் கண்ணுக்கு வந்துவிடும். அப்படித்தான் இருந்தது. கட்டளைகள் புரியவில்லை. ஆனால் 24 என்று ஒரு எண் வந்தால் அது பண்டல் என்று எனக்குத் தெரியும். 1.5 என்று வந்தால் ஒன்றரை ஷிப்ட். அந்தப் புரோகிராமில் இருந்தது முழுக்க எங்கள் கம்பெனி. எனக்குத் தெரிந்த விஷயத்தை எனக்குத் தெரியாத பாஷையில் ஒருவன் எழுதி வைத்திருந்தான். பாதி தூரம் கடந்தவன் போலத்தான் நான் அந்தப் பாஷைக்குள் போனேன்.

பெயர்கள்தான் படுத்தின. அந்தக் கால டேபிளில் ஒரு கட்டத்துக்குப் பத்து எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. அதனால் உயிரெழுத்தை எல்லாம் பிடுங்கிவிட்டு வெறும் மெய்யாக வைத்திருந்தான். ‘டி-எல்-ஆர்-எஸ்-எஃப்-டி’ என்பது டெய்லர் ஷிப்ட் என்று கண்டுபிடிக்க எனக்குக் காங்கேயம் வரை ஆயிற்று.

கொஞ்சம் தைரியம் வந்ததும் ஒரு சின்ன ரிப்போர்ட் எழுதினேன். மொத்தம் எத்தனை பேர் நம்மிடம் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். புரோகிராம் 112 என்றது. என் ரிப்போர்ட் 143 என்றது. பெயர்களைப் பார்த்தால், கணக்கு முடித்து ஊருக்குப் போனவர்கள், வேறு கம்பெனிக்குப் போனவர்கள், இறந்துபோன ஒரு வாட்ச்மேன் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். டிபேஸ் காலத்திலிருந்தே அழிப்பது என்றால் உண்மையில் அழிப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். சாதாரணமாக அது வெற்றிடம். அழித்தால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும். வரி அப்படியே இருக்கும். ‘பேக்’ என்ற கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகத் துடைக்கும். நட்சத்திரம் போட்ட வரிகளைக் காட்டாதே என்று நாம் முன்கூட்டியே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் காட்டும். பையன் தன் புரோகிராமின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தான். நான் தனியாக எழுதியதில் சொல்லவில்லை. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் தப்பு வந்தால் சுரண்டமாட்டார்கள், ஒரு கோடு போட்டு மேலே எழுதுவார்கள். அதே வழக்கம்தான். அன்று ராத்திரி அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் எந்தச் சான்றிதழிலும் கிடைத்திருக்காது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் இந்தத் தலைப்பு.

எங்கள் புரோகிராமில் ரேட்டுக்கு என்று ஒரு டேபிள் உண்டு. நெக் ரிப்புக்கு இத்தனை பைசா, ஸ்லீவுக்கு இத்தனை பைசா. பண்டல் என்ட்ரிக்கு வேறு டேபிள். எந்த டெய்லர், எந்த வேலை, எத்தனை பீஸ், எந்தத் தேதி. இந்த இரண்டாவது டேபிளிலும் ரேட் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு என்ட்ரி போடும்போதும் முதல் டேபிளில் இருந்து ரேட்டை எடுத்து இங்கே ஒரு காப்பி எழுதி வைக்கிறது.

அதற்குள் நான் டேட்டாபேஸ் தத்துவம் கொஞ்சம் படித்திருந்தேன். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் இதற்கெல்லாம் அடிப்படை போட்டார். ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும், இரண்டு இடத்தில் எழுதினால் ஒருநாள் இரண்டும் முரண்படும் என்பது அந்த வழியில் வந்த பாடம். அரைகுறைப் படிப்பு கையில் இருந்தால் எல்லாம் தப்பாகத் தெரியும். பார், பையனுக்கு இதுகூடத் தெரியவில்லை, ஒரே ரேட்டை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறான் என்று பிரிண்டில் அந்த வரியைப் பென்சிலால் குறுக்கே அடித்து வைத்தேன். பக்கத்தில் அவன் ஒரு குறிப்பு எழுதியிருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘ரேட் இங்கேயும். ஓனர் சொன்னது. சனிக்கிழமை.’ சனிக்கிழமை ஏதோ சொல்லியிருப்பார், அதை எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். ஜூலை 1 வரப் போகிறதே என்ற அவசரத்தில் அதை எடுக்காமல் விட்டேன். என் நல்லகாலம்.

வரிக் கட்டத்தை நானே சேர்த்தேன். ஜூலையில் துணி, நூல் சம்பந்தப்பட்ட ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்றும், ஆடை தைக்கும் கூலிக்கு 18 என்றும் ஆயிற்று. ஊரே பதறியது ஞாபகம் இருக்கும். நான் பதறவில்லை, ஏனென்றால் என் பில் சரியாக வந்தது! 18 என்ற எண்ணைப் புரோகிராமில் நாலு இடத்தில் எழுதினேன். பில் போடும் திரை, பிரிண்ட், ரிஜிஸ்டர், மறு பிரிண்ட். முதல் பில் பிரிண்டரில் இருந்து வந்தபோது ஓனர் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, ஆடை ஜாப் ஒர்க்குக்கும் 5 என்று முடிவெடுத்தது. 22-ம் தேதி அறிவிப்பு வந்தது. நல்ல செய்தி. நாலு இடத்திலும் 18-ஐ 5 ஆக்கினேன். பத்து நிமிஷ வேலை. புதுசாக எழுதணும் என்று சொன்னவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

செப்டம்பரில் ஒரு பார்ட்டியின் ஆபீஸிலிருந்து போன். ஜூலை பில் ஒன்று கைமறதியாகப் போய்விட்டது, காப்பி வேண்டும் என்றார்கள். பிரிண்ட் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன்.

“ஏனுங்க, பழைய பில்லு கெடச்சிருச்சு. அதுல 1,41,600 போட்டிருக்குது. நீங்க இப்ப அனுப்புன காப்பியில 1,26,000-ங்குது. ரெண்டும் ஒரே நம்பர், ஒரே தேதி. எதுங்க நெசம்?”

கூலி 1,20,000. ஜூலையில் அதற்கு 18 சதவீதம், 21,600. நான் டேபிளில் கூலியை மட்டும் எழுதி வைத்து, வரியைப் பிரிண்ட் எடுக்கும் நேரத்தில் கணக்குப் போட வைத்திருந்தேன். ஒரு தகவல் ஓர் இடத்தில்! புரோகிராம் இன்றைய ரேட்டை எடுத்து ஜூலை பில்லின் மேல் போட்டு 6,000 என்றது. ஆகஸ்ட் 22-க்கு முன்னால் போட்ட அத்தனை பில்லும் என் கம்ப்யூட்டரில் தப்பு. பார்ட்டியிடம் காகிதத்தில் இருப்பதுதான் சரி.

அன்று சாயங்காலம், பையன் எழுதிய அந்த ரேட் குறிப்பு ஞாபகம் வந்து கட்டிங் மாஸ்டரிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். பிரிண்டைக் காட்டி, இந்தச் சனிக்கிழமை என்றால் என்னங்க மாஸ்டர் என்று கேட்டேன். அவருக்கு ஆங்கில எழுத்து வராது. நான் வாசித்துச் சொன்னதும் சிரித்தார்.

“அதுங்களா தம்பி? அது பேட்லாக் மெஷின் லைன் நின்ன கதையல்லோ. 2004-ல. நெக் ரிப்புக்கு நாப்பத்தஞ்சு பைசா குடுத்துட்டிருந்தோம். ஆர்டர்ல கட்டுபடியாகலீன்னு ஓனரு புதங்கெழமை நாப்பதாக்கிட்டாரு. சனிக்கெழமை சம்பளம் போட்டா, திங்கள், செவ்வாய் தச்சதுக்கும் கம்ப்யூட்டரு நாப்பதுதான் போட்டுது. அவ்வளவுதான். ஒருத்தரும் பணம் வாங்கலே. ராத்திரி பத்து மணி வரைக்கும் கேட்டுல நின்னாங்க. அப்பறம் ஓனரே வெளிய வந்து, அன்னிக்கு என்ன ரேட்டோ அன்னிக்குத் தச்சதுக்கு அதுதான், இனி எப்பவும் அப்படித்தான்னு சொன்னாரு. அந்தப் பையன் அந்த ஸ்டூல்லயேதான் உக்காந்திருந்தான், பாவம், சாப்பிடாம.”

இப்போது எனக்குப் புரிந்தது. ரேட் டேபிளில் இருப்பது இன்றைய ரேட். பண்டல் என்ட்ரியில் இருப்பது அன்றைய ரேட். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வேறு தகவல்கள். அன்றைக்கு நாற்பத்தைந்து பைசா என்பது நடந்து முடிந்த விஷயம், அதை யாரும் மாற்ற முடியாது. காட் சொன்ன விதியில் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒன்று என்று நினைத்தது என் குறை. அந்தப் பையன் புத்தகத்தில் படித்து இதை எழுதவில்லை. கேட்டில் நின்ற எண்பது பேரைப் பார்த்து எழுதினான். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன்.

பிறகு வரிக்குத் தனியாக ஒரு டேபிள் போட்டேன். எந்தத் தேதி முதல், எத்தனை சதவீதம். இரண்டே வரி. பில் போடும் அன்று அதில் பார்த்து, எடுத்த சதவீதத்தையும் வந்த தொகையையும் பில்லோடு எழுதி வைத்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் பில்களைக் காகிதத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். இனிமேல் ரேட் மாறினால் புரோகிராமைத் தொட வேண்டியதில்லை, டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு கதையில் நான் முட்டாளாக இருந்தால் போதாது என்று இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

அந்த வருஷம் நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஒரு ஸ்டைலுக்கு ஸ்லீவ் ரேட் தப்பாக ஏறியிருந்தது. என்ட்ரிகளில் அந்த ஸ்டைலுக்கு மட்டும் மாற்ற வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு கட்டளை. வெறுமனே கொடுத்தால் நிற்கும் ஒரு வரியை மட்டும் மாற்றும். ‘ஆல்’ என்று சேர்த்தால் எல்லா வரியையும் மாற்றும். இன்ன ஸ்டைல், இன்ன வேலைக்கு மட்டும் என்று நிபந்தனையைப் பின்னால் எழுத வேண்டும். நான் ‘ஆல்’ வரை அடித்தேன். டீ வந்தது. டீயை வாங்கிக்கொண்டே என்டரைத் தட்டினேன். திரையின் கீழே 1,46,212 ரீப்ளேஸ்மெண்ட்ஸ் என்று வந்தது.

ஏப்ரலில் இருந்து அன்று வரை ஒவ்வொரு டெய்லரும் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ரேட். எந்த அன்றைய ரேட்டைப் பெரிதாகப் புரிந்துகொண்டதாக இரண்டு மாதம் முன்னால் பூரித்தேனோ, அது மொத்தமும் ஒரு டீயில் போயிற்று. இதைத் திருப்பிப் போட இந்த மொழியில் பொத்தான் கிடையாது. பென்டிரைவில் புதன்கிழமை ராத்திரி எடுத்த காப்பி இருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாள் பண்டல் அட்டைகள் கம்பியில் குத்தியபடி இருந்தன, ஆயிரத்து அறுநூறு சொச்சம். நானும் இன்னும் இரண்டு பேரும் விடிய விடிய அடித்தோம். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஒன்பதரைக்குக் கொடுத்தோம். ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் அதே நிபந்தனையை வைத்து எண்ணச் சொல்வேன். முப்பத்தாறு வரி என்று நான் எதிர்பார்த்து, அது முப்பத்தாறு என்றால்தான் மாற்றுவேன். காப்பி தினமும் எடுக்கிறோம், அதில் ஒன்று கம்பெனிக்கு வெளியே இருக்கும். பண்டல் அட்டையை ஒரு வருஷம் எரிப்பதில்லை. காகிதத்தைக் கேலி செய்கிற கம்ப்யூட்டர்காரர்களை நான் நம்புவதில்லை.

தமிழ்ப் பெயர்கள் பற்றிக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே ஆங்கிலக் குப்பைதான். முருகேசன் என்பது கே, யூ, என், எஃப், ஆர், டி, ஓர் அரைப்புள்ளி. அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும், முருகேசனுக்கு வெகு பின்னால்தான் அம்மாசி வருவார். யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதும் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. முருகேசன் நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஒன்பது. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக இருபத்தேழு. பழைய டேபிளில் பெயருக்கு விட்ட இடம் இருபது. அவர் முருகே என்று நின்றார். தவிர, ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோடே தெரியாது. கடைசியில் பெயர்களை மட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன்.

அந்த வேறு இடம் எஸ்.க்யூ.லைட். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான வேலையில் இருந்தபோது, டேட்டாபேஸ் சர்வர் நின்றால் எல்லாமே நின்றுவிடுகிறதே, சர்வரே இல்லாமல் ஒரே ஃபைலில் வைத்தால் என்ன என்று தோன்றியதாம். உங்கள் ஒவ்வொருவர் ஸ்மார்ட்போனிலும் இப்போது அது இருக்கிறது. 2050 வரை பராமரிக்கத் திட்டம் என்று அதைச் செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கருமாதி முடிந்த மொழியோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அந்தத் தேதி பெரிய ஆறுதல். பில், பெயர், வரி மூன்றும் அதில் போய்விட்டன, பைத்தானில் எழுதினேன். பண்டலும் சம்பளமும் இன்னும் ஃபாக்ஸ்ப்ரோவில்தான். மாற்றலாம். அந்த நூற்று நாற்பது பக்கத்தில் இன்னும் ஒரு பதினைந்து பக்கம் எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரிகிற வரை தொடமாட்டேன்.

தொடாமல் விட்டதற்கு ஒரு சின்ன உதாரணம். ஷிப்ட் கட்டத்தில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம். ஒன்றேகால் ஷிப்ட், 1.25 என்று அடித்தால் 1.3 என்று நிற்கும். ஷிப்டுக்கு நானூறு ரூபாய் என்றால் ஐநூறுக்குப் பதில் ஐநூற்று இருபது. இத்தனை வருஷமாக இருபது ரூபாய் கூடப் போயிருக்கிறது, ஒருத்தரும் புகார் சொல்லவில்லை பாருங்கள்! ஓனரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “அப்படியே இருக்கட்டும் விடுங்க” என்றார். நானும் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘1.3 தப்புதான். ஓனருக்குத் தெரியும்.’

இப்போது ஏ.ஐ. கேட்டால் எழுதித் தருகிறதே, நாமே எதற்குக் கற்க வேண்டும் என்று ஒரு நண்பர் நான் வரும்போதே வாசலில் கேட்டார். நானும் கேட்டு வாங்குகிறேன். என்னைவிட வேகமாக எழுதுகிறது, என்னைவிடச் சுத்தமாகவும் எழுதுகிறது. நாற்பத்து நாலு வயதில் அது என் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று மாதத் தூக்கம் மிச்சம். ஆனால் பேட்லாக் லைன் நின்ற கதை அதற்குத் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். எனக்கே மாஸ்டர் சொல்லித்தானே தெரிந்தது. அவரும் போன வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.

எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருந்து ஒரு பெண் இப்போது ஆபீஸுக்கு வந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறது. முதல் வேலையாக நூற்று நாற்பது பக்கத்தையும் கையில் கொடுத்தேன், கூடவே நான் எழுதியதையும். போன வாரம் என் பக்கங்களில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியது.

“சார், இங்க ‘இப்போதைக்கு’ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. தேதி 2018 மார்ச். எதுக்கு சார் இந்த வரி?”

பார்த்தேன். ஒரு பார்ட்டியின் பெயர் வந்தால் பில் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தப் பார்ட்டி கம்பெனியையே மூடிவிட்டார்கள். எடுத்துவிடலாமா சார் என்றது. இரு, பழைய பில் புக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.

மணி எட்டாகப் போகிறது. கேள்வி இருந்தால் வெளியே டீக்கடையில் பேசலாம். என்னைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள், நாளைக்குச் சனிக்கிழமை.